பலர் கைபட்ட ஆவணம்: பணியிடத்தில் சேர்ந்து எழுதுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயனர் கையேடு, வடிவமைப்புக் குறிப்பு, பராமரிப்பு நடைமுறை, விபத்து விசாரணை அறிக்கை போன்ற ஆவணங்களைக் குழுவாக எழுதுபவர்களும், அவற்றைப் படித்து ஒப்புதல் தருபவர்களும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மொழிநடைக்கு வழிகாட்டிகள் ஏராளமாக உள்ளன. எழுதுபவர்களுக்கு இடையேயான உறவு எழுத்தை என்ன செய்கிறது என்பது மட்டுமே இங்கே பேசுபொருள்.

தொழில்நுட்ப ஆவணம் அளவுகளையும் செயல்முறைகளையும் சொல்வது. அதில் மனித உறவுகளுக்கு என்ன வேலை?

ஒரு வாக்கியத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால் விடை கிடைக்கும். அழுத்தக் கலன் ஒன்றின் கையேட்டுக்குப் பொறியாளர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வெளியேற்று வால்வு மூடியிருக்கும்போது அழுத்தத்தை 6 பாருக்கு மேல் ஏற்றினால் கலன் வெடிக்கும்." வரைவைப் படித்த விற்பனைப் பிரிவு, "வெடிக்கும்" என்ற சொல் வாடிக்கையாளரை மிரளவைக்கும் என்கிறது, அது "சேதமடையலாம்" என்று மாறுகிறது. எண்ணைக் குறிப்பிட்டால் அதற்குக் கீழே உள்ள அழுத்தம் எல்லாம் பாதுகாப்பானது என்று நாமே உறுதி தந்ததாகிவிடும் என்று சொல்லி, சட்டப் பிரிவு 6 பார் என்ற அழுத்த அளவை எடுத்துவிட்டு "பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு மேல்" என்று போடுகிறது. வாக்கியம் எதிர்மறையாக ஒலிப்பதாகத் திட்ட மேலாளருக்குத் தோன்றுகிறது. முடிவில் அச்சுக்குப் போவது இது: "அழுத்தத்தை ஏற்றும் முன் வால்வின் நிலையைச் சரிபார்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது."

இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தத்தம் கடமையைத்தான் செய்தார்கள். ஆனாலும் வால்வு எந்த நிலையில் இருக்கக்கூடாது, அழுத்தம் எவ்வளவு வரை போகலாம், மீறினால் என்ன நடக்கும் என்று கலனுக்கு முன்னால் நிற்பவருக்குத் தேவையான மூன்று செய்திகளும் காணாமல் போய்விட்டன. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாததால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கும் இது தப்பிவிடும். பொறியாளர் ஏன் ஒவ்வொரு கட்டத்திலும் விட்டுக்கொடுத்தார், மறுத்துப் பேச அவருக்கு இடம் இருந்ததா என்று கேட்டால்தான் கோளாறு எங்கே என்பது தெரியவரும்.

இப்படிச் சேர்ந்து எழுதுவது அவ்வளவு பரவலான வழக்கமா?

ஆம். அமெரிக்காவில் லிசா ஈட், ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டு ஆகிய இருவர் பல தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர்களிடம் நடத்தி 1990-இல் நூலாக வெளியிட்ட ஆய்வில், பதில் அளித்தவர்களில் 87 விழுக்காட்டினர் சில வேளைகளிலாவது குழுவாகச் சேர்ந்து எழுதுவதாகக் கூறினார்கள். அது இணையத்தில் ஒரே கோப்பைப் பலர் திறந்து திருத்தும் காலத்துக்கு முந்தைய நிலை.

அவர்கள் இரண்டு விதமான கூட்டுழைப்பைப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது படிநிலை சார்ந்தது: இலக்கும் பங்கும் மேலிருந்து வரும், அவரவர் பகுதியை அவரவர் எழுதித் தருவார்கள், ஒருவர் தொகுப்பார். இரண்டாவது உரையாடல் சார்ந்தது: பங்குகள் நிலையாக இருக்காது, கருத்து வேறுபாடே சிந்தனைக்குத் தீனியாகும். அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. நானூறு பக்கப் பராமரிப்புக் கையேட்டை உரையாடிக்கொண்டே எழுத முடியாது. ஆனால் ஆவணத்தின் அடிப்படை முடிவுகள், அதாவது யாருக்காக எழுதுகிறோம், எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பவை, முதல் வகையில் விடப்பட்டால் அவை பேசப்படாமலேயே முடிவாகிவிடுகின்றன.

மறுபார்வையில் மேலதிகாரி கலந்துகொண்டால் என்ன மாறுகிறது?

அவர் எப்போது பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கு, உடன் இருந்தவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துத் தவறான விடையைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அவர்களோடு ஒத்துப்போனார். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், அல்லது விடையை மற்றவர்கள் காணாதபடி எழுதித் தரச் சொன்னாலும், இந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் மேலதிகாரி எவரும் இல்லை. யாருடைய பதவி உயர்வும் யார் கையிலும் இல்லை.

ஆகவே வரைவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, மற்றவர் கருத்துரையைப் பார்க்கும் முன் தனித்தனியாக எழுதித் தரச் சொல்வதும், பதவியில் மூத்தவர் கடைசியில் கருத்துச் சொல்வதும் நல்ல பலன் தரும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். மூத்தவர் முதல் பத்தியிலேயே "இது தேவையா?" என்று ஒரு கருத்துரை போட்டுவிட்டால், அவர் உண்மையில் ஐயத்தைத்தான் கேட்டிருந்தாலும், மாலைக்குள் அந்தப் பத்தி நீக்கப்பட்டிருக்கும்.

கெட்ட செய்தி ஆவணத்தில் ஏன் மங்கிப்போகிறது?

கெட்ட செய்தியை உரியவரிடம் சொல்லத் தயங்கும் இயல்பை சிட்னி ரோசன், ஆபிரகாம் டெசர் ஆகிய உளவியலாளர்கள் 1970-இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். செய்தியைக் கொண்டுவந்தவரையே குற்றவாளியாகப் பார்ப்பார்களோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். எழுத்தில் இந்தத் தயக்கம் நேரடி மௌனமாக வருவதில்லை; எழுத்தின் அளவாகவும், வரிசையாகவும், தலைப்பாகவும் வருகிறது.

நாசாவின் கொலம்பியா விண்கலம் இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று. 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. அதனால் ஏற்பட்ட சேதத்தை மதிப்பிட்ட போயிங் பொறியாளர்கள் தயாரித்த பவர்பாயிண்ட் ஸ்லைடு ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருப்பதைக் காட்டுகின்றன என்ற தோற்றத்தைத் தந்தது. அதே ஸ்லைடின் அடியில், உள்ளடங்கிய சிறு வரியில், பெயர்ந்த துண்டின் கனஅளவு 1,920 கன அங்குலம், சோதிக்கப்பட்ட துண்டினுடையதோ 3 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது, எந்தச் சோதனையை நம்பித் தலைப்பு எழுதப்பட்டதோ, அதைவிட 640 மடங்கு பெரிய பொருள் மோதியிருக்கிறது. உண்மை மறைக்கப்படவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. பிப்ரவரி 1 அன்று விண்கலம் தரையிறங்கும் வழியில் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள். தகவல் வடிவமைப்பு ஆய்வாளர் எட்வர்ட் டஃப்டி செய்த இந்த ஸ்லைடின் அலசலை விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்தாண்டதோடு, தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் கண்டித்தது.

அதே அறிக்கையில் இன்னொரு ஆவணமும் உண்டு. இறக்கையைப் படம் எடுக்கும் கோரிக்கை கைவிடப்பட்டபோது, நாசா பொறியாளர் ராட்னி ரோச்சா அந்த முடிவு தவறானது, ஏறக்குறைய பொறுப்பற்றது என்று கடுமையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். பிறகு அதை மேலே அனுப்பவில்லை. அச்செடுத்துச் சக ஊழியரிடம் காட்டியதோடு நின்றுவிட்டார். அதிகாரப் படிகளைத் தாண்ட அவர் விரும்பவில்லை. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரின் மிகத் தெளிவான எழுத்து இப்படி ஒரு மேசையிலேயே தங்கிவிட்டது. இதற்குப் பிறகும் ஊழியர்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று சொல்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

தெளிவாக எழுதி அனுப்பியும் விட்டால் கடமை முடிந்தது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. சேலஞ்சர் விண்கலம் சிதறிய விபத்துக்கு ஆறு மாதம் முன்பு, 1985 ஜூலை 31 அன்று, அதன் உந்துகலன்களைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி தம் துணைத் தலைவருக்கு எழுதிய குறிப்பில், உந்துகலன் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களின் அரிப்பைக் கவனிக்காவிட்டால் உயிரிழப்பு நேரும் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார். ஆனால் குறிப்பு நிறுவனத்துக்குள் மட்டும் என்று குறிக்கப்பட்டிருந்தது. விபத்துக்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27 அன்று, நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், குளிரில் அந்த வளையங்கள் சரியாக அடைக்காது என்பதால் 53 பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முதலில் பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு, நிறுவனத்தார் இணைப்பைத் துண்டித்துத் தனியே கூடியபோது, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியும்படி பொறியியல் துணைத் தலைவரிடம் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு நாசாவுக்குப் போன ஒரு பக்கத் தாளில் ஏவலாம் என்ற பரிந்துரை இருந்தது. அதில் கையெழுத்திட்டவர் மேலாளர். எதிர்த்த பொறியாளர்களின் பெயரோ கருத்தோ அதில் இல்லை.

அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலை விபத்தில் கதை வேறு மாதிரி. 1977 செப்டம்பரில் டேவிஸ்-பெஸ் என்ற வேறோர் அமெரிக்க அணு உலையில், ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டபோது உலையை இயக்குபவர்கள் அவசரக் குளிர்நீர்ச் செலுத்தலைக் காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். இரு உலைகளையும் தயாரித்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர் பெர்ட் டன், உலையை இயக்குபவர்களுக்கான அறிவுறுத்தலை மாற்ற வேண்டும் என்று 1978 பிப்ரவரியில் குறிப்பு எழுதினார். அது பொறியியல் பிரிவிலிருந்து வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போனது. அங்கே வேறொரு பொறியியல் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கும்படி இன்னொரு பிரிவுக்குக் குறிப்பு போனது. அங்கே அது அன்றாடக் காகிதங்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. 1979 மார்ச் 28 அன்று மூன்று மைல் தீவில் அதே வகைப் பிழை நிகழ்ந்தபோதும் அறிவுறுத்தல் மாறியிருக்கவில்லை. ஒரு பிரிவில் அவசரமாகத் தோன்றும் சொல் அடுத்த பிரிவில் அப்படித் தோன்றுவதில்லை. எனவே குறிப்பை அனுப்பும்போது அதற்கு யார், எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுவது நல்லது.

எங்கள் கையேட்டின் அத்தியாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. ஏன்?

அத்தியாயப் பட்டியலையும் நிறுவனத்தின் பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அமைப்பு வடிவமைக்கும் எதுவும் அந்த அமைப்புக்குள் நடக்கும் தொடர்பின் வடிவத்தையே பெறும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். அவர் பேசியது கணினி அமைப்புகளைப் பற்றி என்றாலும், ஆவணங்களுக்கும் அது அச்சாகப் பொருந்துகிறது. நிறுவுதல் குழுவும் பாதுகாப்புக் குழுவும் பேசிக்கொள்வதில்லை என்றால், நிறுவும் அத்தியாயத்தில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியிருக்காது. பாதுகாப்பு அத்தியாயமோ அது ஏற்கெனவே மாற்றப்பட்டதாக எடுத்துக்கொண்டு தொடங்கும். பிரிவுவாரியாகப் பகிராமல், பயனர் செய்யும் வேலைவாரியாகப் பகிர்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் இரு பிரிவினரைச் சேர்த்து எழுதச் செய்தால் இந்த விரிசல் வரைவிலேயே வெளிப்பட்டுவிடும்.

மறுபார்வைக்குப் பதினைந்து பேரைச் சேர்த்தோம். உருப்படியான கருத்து ஒன்றும் வரவில்லையே?

பதினைந்து பேர் என்பதுதான் காரணம். கூட்டமாகக் கைதட்டும்போதும் கத்தும்போதும் ஒவ்வொருவரும் தனியாக இருக்கும்போது எழுப்பும் ஒலியைவிடக் குறைவாகவே எழுப்புகிறார்கள் என்று உளவியலாளர் பிப் லடானேயும் உடன் ஆய்வாளர்களும் 1979-இல் காட்டினார்கள். மற்றவர் படித்திருப்பார் என்று பதினைந்து பேரும் எண்ணுவார்கள். "பார்த்தேன், சரி" என்று பதினைந்து பதில்கள் வரும். மூன்று பேரை அழைத்து, ஒருவர் எண்களை, ஒருவர் செய்முறை வரிசையை, ஒருவர் பாதுகாப்புக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று பெயரிட்டுப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

ஒரே கோப்பில் எல்லோரும் சேர்ந்து திருத்தும் இணையக் கருவிகள் இந்தச் சிக்கல்களைத் தீர்க்கின்றனவா?

"இறுதி", "இறுதி-2", "உண்மையான-இறுதி" என்று பெயரிட்ட கோப்புகளின் தொல்லையைத் தீர்த்தன. உறவுச் சிக்கல்களைத் தீர்க்கவில்லை; சிலவற்றைக் கூர்மையாக்கவும் செய்தன. எழுதிக்கொண்டிருக்கும் பத்தியில் மேலாளரின் பெயரோடு கர்சர் வந்து நின்றால், அரைகுறை எண்ணத்தை எழுதிப் பார்க்கும் துணிச்சல் போய்விடும். நேரடியாகத் திருத்துவதற்கும் பரிந்துரையாகத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடும் சமூக வேறுபாடுதான்: ஒருவரின் வாக்கியத்தைச் சொல்லாமல் அழிப்பது சில குழுக்களில் உதவியாகவும், சிலவற்றில் அவமதிப்பாகவும் கொள்ளப்படும். குழு தொடங்கும்போதே இதைப் பேசி ஒரு வரி விதியாக எழுதிவைப்பது, பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

ஆவணத்தின் ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் இணங்க வேண்டுமா?

இணங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், யாருக்கும் உறுத்தாத, யாருக்கும் பயன்படாத வரிகளே மிஞ்சும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆண்டறிக்கைக்கான ஒரு சிறு கடிதம் பல மட்டங்களில் திருத்தப்பட்டு முடிய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனதை ஜெஃப்ரி கிராஸ் என்ற ஆய்வாளர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொருவரும் வெவ்வேறு வாசகரை மனத்தில் வைத்துத் திருத்தியதும், அதிகாரம் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருந்ததும் அதற்குக் காரணங்கள்.

இணைய நெறிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். வேறு வழியைக் கையாள்கிறது. அது இன்று தன் நெறிமுறைகளை வெளியிடும் ஆர்.எஃப்.சி. (கருத்துக் கோரும் குறிப்பு) ஆவணத் தொடர் 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கரின் குறிப்போடு தொடங்கியது. தொடரின் மூன்றாம் குறிப்பு, எழுத்தில் வந்த எதையும் இறுதித் தீர்ப்பாகப் பார்க்கும் பழக்கத்தையும், மெருகேறாத எண்ணத்தை வெளியிடக் கூசும் இயல்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஒரே ஒரு வாக்கியம் இருந்தாலும் அனுப்பலாம் என்று அனுமதித்தது. தொடக்கத்தில் அந்தக் குறிப்புகளை எழுதியவர்களில் பலர் அன்று பட்டமேற்படிப்பு மாணவர்கள். கூச்சத்தைப் போக்க ஓர் ஆவண விதி எழுதப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பே.

இன்று ஐ.இ.டி.எஃப். தேடுவது முழு இணக்கத்தை அன்று, தோராயமான இணக்கத்தை. 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7282 இதை விளக்குகிறது: நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்தாலும், அந்த ஐவரின் தொழில்நுட்ப எதிர்ப்புக்கு விடை தரப்படவில்லை என்றால் இணக்கம் ஏற்பட்டதாகாது. கூட்டங்களில் கை உயர்த்தச் சொல்லாமல் முணுமுணுப்பு ஒலி எழுப்பச் சொல்வதும் அங்கே வழக்கம். தலைகளை எண்ணி வாக்கெடுப்பாக்கும் பழக்கத்தைத் தவிர்ப்பதற்காக. இதே அமைப்பு 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 மூலம், கட்டாயம் எது, பரிந்துரை எது, விருப்பம் எது என்று சொற்களுக்கே படிநிலை வகுத்தது. அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. இசட்535 தரநிலையும், உயிருக்கு ஆபத்து உறுதி, ஆபத்து நேரலாம், சிறு காயம் ஏற்படலாம் என்று எச்சரிக்கைச் சொற்களைத் தரம் பிரிக்கிறது. இத்தகைய வரையறை கையில் இருந்தால், முதலில் கண்ட அழுத்தக் கலன் வாக்கியத்தை விற்பனைப் பிரிவு மென்மையாக்கும்போது அது நடைத்திருத்தமாக நழுவிப் போகாது. தரத்தைக் குறைப்பதற்கு ஒருவர் காரணம் சொல்லிக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களின் கருத்தை எப்படிப் பெறுவது?

கருத்தைக் கேட்காதீர்கள். வரைவைக் கொடுத்து, அதில் உள்ளபடியே வேலையைச் செய்யச் சொல்லி, எந்த அடியில் நின்றுவிட்டார் என்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். தமக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாது என்பதை மறந்துவிடும் மூத்தவர்கள் தாண்டிப் போகும் ஓட்டைகள் அதில் தெரியும். புதியவருக்கும் யாரையும் குறைசொன்ன சங்கடம் இருக்காது.

பலமொழிக் குழுவில் ஆவண மொழியில் வல்லவர்களே விவாதத்தில் வெல்கிறார்கள். வழி உண்டா?

கட்டுப்படுத்தப்பட்ட மொழி ஒரு வழி. விமானப் பராமரிப்பு ஆவணங்களுக்காக ஐரோப்பிய விமானத் துறை 1986-இல் வெளியிட்டு, இன்று ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் தொடரும் எளிய ஆங்கில விதிகள், ஏற்கப்பட்ட சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை மட்டுமே அனுமதித்து, செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல் என்ற வரம்பையும் வைக்கின்றன. படிப்பவர்களுக்காக வந்த விதிகள் என்றாலும், குழுவுக்குள் சொல்லாடல் திறமையால் கிடைக்கும் முன்னுரிமையையும் அவை கணிசமாகக் குறைக்கின்றன.

முடிந்த ஆவணத்தில் யார் பெயரைப் போடுவது?

இரண்டு மரபுகள் உண்டு. அமேசானில் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் ஆறு பக்கக் குறிப்புகளில் எழுதியவர் பெயர் இருப்பதில்லை, அவை முழுக் குழுவினுடையவை என்று அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2017-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் குறிப்பிட்டார். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு நேர்மாறாக, ஆய்வில் பங்களித்தல், எழுதுதல் அல்லது ஆழ்ந்து திருத்துதல், இறுதி ஒப்புதல், பொறுப்பேற்றல் ஆகிய நான்கையும் நிறைவு செய்பவரே ஆசிரியர் என்கிறது.

விவாதித்து முடிவெடுப்பதற்கான குறிப்பு என்றால் பெயரில்லாமை நல்லது. கருத்தை மறுப்பது ஆளை மறுப்பதாகாது. பிறர் நம்பி இயக்கும் கையேடு என்றால் பகுதிவாரியாகப் பொறுப்பாளர் பெயர் வேண்டும். தலைமை அதிகாரியின் பெயரை மட்டும் முகப்பில் போடும் மூன்றாவது மரபு, எழுதியவருக்கு மதிப்பையும் தருவதில்லை, படிப்பவருக்கு ஐயம் கேட்க ஆளையும் காட்டுவதில்லை.

மேலதிகாரி சொல்லும் திருத்தம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது?

சொல்லைப் பற்றி வாதாடாமல், அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வாசகர் என்ன செய்வார் என்பதை எழுதிக் காட்டுங்கள்: "இப்படி இருந்தால் இயக்குபவர் வால்வைப் பார்ப்பார், ஆனால் எந்த அழுத்தத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது." அதற்குப் பிறகும் திருத்தம் வேண்டும் என்றால், யார், எந்தக் காரணத்துக்காக முடிவெடுத்தார் என்பதை மாற்றப் பதிவேட்டில் சேர்க்கும்படி கேட்கலாம். பல திருத்தங்கள் இந்தக் கட்டத்திலேயே திரும்பப் பெறப்படும்.

நிறுவனம் தன் பங்குக்கு, மறுப்பதற்கு ஒரு படிவத்தையே ஏற்படுத்திவைக்கலாம். நாசாவின் திட்ட மேலாண்மை விதிகள், ஒரு முடிவின் முன் நிற்பவருக்கு மூன்று தெரிவுகளைத் தருகின்றன: உடன்படலாம், உடன்படாவிட்டாலும் முடிவை முழுமையாக ஆதரிக்க முன்வரலாம், அல்லது உடன்படாமல், முறைப்படி மாற்றுக்கருத்தைப் பதிவு செய்து அடுத்த மேல்நிலைக்கு எடுத்துச் செல்லலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால், இரு தரப்பும் சேர்ந்து, எந்த உண்மைகளில் உடன்பாடு, எதில் வேறுபாடு, ஒவ்வொருவரின் பரிந்துரை என்ன என்று ஒரே ஆவணமாக எழுதித் தர வேண்டும்.